பின்தங்கும் சராசரி

சராசரி காண்பது தொடக்கப் பள்ளி மாணவனும் அறிந்த கணக்கு. ஆனால், பழைய நாளொன்றை விட்டுப் புதிய நாளொன்றைச் சேர்த்து அச்சராசரியை நாள்தோறும் நகர்த்தினால், அது நடப்புக்குச் சற்றுப் பின்னாலேயே வரும். பங்குச் சந்தையின் விலைப்படங்களில் வரையப்படும் நகரும் சராசரிக்கு இது பெருங்குறை. இக்குறையையே வசதியாகக் கொண்ட காலமும் ஒன்று இருந்தது.

1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்து வங்கி தன் கணக்கை வாரந்தோறும் நிதியமைச்சருக்கு அனுப்பியது. பொதுமக்களுக்கோ, முந்திய மூன்று மாதங்களின் சராசரி மட்டுமே மாதத்திற்கு ஒருமுறை அரசிதழில் வெளியாயிற்று. 1838-இல் விளைச்சல் குன்றவே, தானிய இறக்குமதிக்காகப் பொன் வெளியேறலாயிற்று. 1839-இல் வங்கியின் பொன்னிருப்பு முப்பது இலட்சம் பவுனுக்கும் கீழே இறங்கியது; பிரான்சில் கடன் பெற்றே வங்கி தலைதப்பியது. இருப்பு வீழ்ந்துகொண்டிருந்த மாதங்களில் அச்சில் வந்த சராசரி உண்மை இருப்பைவிட உயர்ந்தே நின்றது. அதை நம்பிய வணிகர் கண்டது, முன்பு இருந்த பொன்னை! 1844-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே வாரக் கணக்கு வெளியுலகிற்குக் கிடைத்தது.

சராசரி எவ்வளவு பின்தங்கும்? ஒரு பங்கின் விலை நாளுக்கு ஒரு வெள்ளியாக ஏறி, கடந்த ஐந்து நாட்களில் 96, 97, 98, 99, 100 என நிற்பதாகக் கொள்வோம். சராசரி 98. அஃது இரண்டு நாளைக்கு முந்திய விலை. நாட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் தாமதம் கிடைக்கும். 21 நாள் சராசரி பத்து நாள் பின்தங்கும்.

1901-இல் திருமண விகிதத்தையும் வணிகத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஹூக்கர், ஒன்பது ஆண்டுச் சராசரியை அவற்றின் நடு ஆண்டிற்கு உரியதாக வைத்தார். தாமதம் ஒழிந்தது. நடந்து முடிந்ததை ஆராய்வோர்க்கு இது நல்ல வழியே. சந்தையில் நிற்பவன் நாளைய விலைக்கு எங்கே போவான்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்குப் பணியாற்றிய இராபர்ட் பிரவுன், அண்மைச் செய்திக்கு மிகுந்த எடையும் பழையதற்குப் படிப்படியாகக் குறையும் எடையும் தரும் முறையை வளர்த்தார். இதனை அடுக்குக்குறிச் சராசரி என்பர். புதிய விலையை இது விரைந்து உணரும். ஆயினும், சீராக ஏறும் விலைக்கு இதுவும் பின்தங்கவே செய்யும்.

1994-இல் பாட்ரிக் முல்லாய் ஓர் உபாயம் கூறினார். சராசரிக்கும் ஒரு சராசரி கண்டு, முதற் சராசரியின் இருமடங்கிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். அவர் அடுக்குக்குறிச் சராசரியைக் கொண்டார். நம் ஐந்து நாள் கணக்கிலும் இதனைச் செய்து பார்க்கலாம். சராசரி 98, அதன் சராசரி 96. 98-இன் இருமடங்கு 196. அதில் 96 போக 100. தாமதம் அறவே நீங்கிற்று!

ஆனால், ஏற்றம் அத்துடன் நின்று, விலை மேலும் இரண்டு நாள் 100-லேயே இருக்கட்டும். இப்போது சராசரி 99.4, அதன் சராசரி 97.84. முன்போலவே கழித்தால் வருவது 100.96. சந்தையில் எவரும் கொடுக்காத விலை அது. ஏற்றம் நின்றதை அறியாத கோடு தன் வேகத்திலேயே ஓடிவிடுகிறது. அதை நம்பி வாங்குகிறவன் உச்சியில் வாங்குவான்.

2005-இல் ஆஸ்திரேலியரான ஆலன் ஹல், எடையிட்ட சராசரிகளைக் கொண்டு இவ்வாறே கழித்து, கிடைத்ததை மற்றொரு குறுஞ்சராசரியால் மழித்தார். கோட்டின் நடுக்கம் குறைந்தது. விலை சட்டெனத் திரும்பும் இடத்தில் அக்கோடும் சிறிது எல்லை மீறியே திரும்புகிறது.