குதிர் இருந்த வீடு

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நின்றபோது, கேட்காத கேள்விக்கும் விடை கூறித் தந்தையைக் காட்டிக்கொடுத்த மகனின் கதை அது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாக்பூரிலும் பிறந்து வளரும் நம் குழந்தைகள் இக்கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும், குதிர் என்றால் என்ன என்று வினவுகிறார்கள். ஓர் ஆள் ஒளிந்துகொள்ளத்தக்க பாத்திரம் ஒன்று வீட்டுக்குள்ளேயே நின்றது என்றால் அவர்களால் நம்ப இயலவில்லை. இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள குடியிருப்பில் வளர்பவர்களுக்கு அது வியப்பாய் இருப்பதில் தவறில்லை.

குதிர் என்பது களிமண்ணோடு வைக்கோலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, உறை உறையாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசிய நெற்கலம். தரையின் ஈரம் ஏறாதபடி கற்களின்மேல் அதை நிறுத்துவர். வாய் மேலே, ஆனால் நெல்லை எடுப்பது மேலிருந்து அன்று. அடியில் ஒரு துளை வைத்து, அதைத் துணியாலோ வைக்கோலாலோ அடைத்திருப்பர். புது நெல் மேலே விழும். பழைய நெல் கீழே வழியும். எந்தக் கணக்கும் எழுதாமல், எந்த நினைவூட்டலும் இல்லாமல், பழையது முன்னே செலவாகும்படி அந்தத் துளையே பார்த்துக்கொண்டது. இதை முதலில் எண்ணிய குயவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவரது அறிவு சாதாரணமானதன்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. அன்று சேமித்தது நெல்லையே, அரிசியை அன்று. உமி நெல்லுக்குக் கவசம். வேண்டும்போது வேண்டிய அளவே குத்திக்கொண்டனர். துவரையைச் செம்மண் குழம்பில் கலந்து வெயிலில் உலர்த்தி வைத்தனர். பருப்பு எளிதில் உடையும் என்பதோடு வண்டும் அணுகாது. உடைத்த பருப்பின்மேல் விளக்கெண்ணெயைத் தடவினர். வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு ஆகியவை தானியத்தோடு தங்கின. இவற்றையெல்லாம் பாட்டிமார் வழக்கம் என்று ஒதுக்குவது எளிது. நன்கு காய்ந்த தானியத்தில் பூச்சி பெருகுவது கடினம் என்பதும், எண்ணெய்ப் பூச்சு வண்டின் முட்டையைக் கெடுக்கும் என்பதும் ஆய்வுக்கூடங்களில் உறுதிப்பட்டவை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பொருளின் பெயர்களில் ஒரு தனிச் சுவை உண்டு. தமிழகத்துக்குள்ளேயே தென்மாவட்டத்தார் குலுக்கை என்பர். தஞ்சையில் பலகையால் இழைத்த பத்தாயம். வடமாவட்டங்களில் மூங்கிலால் பின்னி மெழுகிய தொம்பை. பத்தாயம் என்ற சொல்லை மலையாளத்தாரும் வழங்குகின்றனர். கன்னடத்தில் கணஜம் உண்டு. நிலத்தடிக் குழிக்கு ஹகேவு என்று பெயர். தெலுங்கர் காதெ என்றும் பாதர என்றும், மராட்டியர் கணகி என்றும் பேவ் என்றும் வழங்குவர். வங்கத்தில் கோலா, அசாமில் பரால், பஞ்சாபில் பரோலா. கங்கைச் சமவெளியில் அது கோட்டி. நெல்லைச் சீமைத் தமிழர் இச்சொல்லைக் கேட்டால் நகைத்தல் கூடும். அவர்கள் ஊரில் கோட்டி என்பது வேறு பொருளுடையது. தில்லியிலோ அச்சொல் இன்று பெரிய மாளிகையைக் குறிக்கிறது. தானியம் இருந்த இடமே வீடு என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் உறங்குகிறது.

அச்சொல்லின் மூலமான 'கோஷ்டம்' கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் பண்டகசாலையின் பெயரில் வருகிறது. தானியத்தை உயரத்தில் வைக்க வேண்டும், நெய்யையும் எண்ணெயையும் மண் அல்லது மரக் கலங்களில் வைக்க வேண்டும், உப்பைத் தரையில் வைக்கலாம் என்று அந்நூல் வகுக்கிறது. சேமிப்பில் பாதியை மக்களின் ஆபத்துக் காலத்துக்கென ஒதுக்கி, பழையதை எடுத்துப் புதியதை இட வேண்டும் என்றும் கூறுகிறது. குதிரின் அடித்துளை செய்த வேலையும் இதுதான். பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த இந்நூலின் சுவடியை 1905-இல் மைசூர் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சை வட்டாரப் பண்டிதர் ஒருவர் என்பது நாம் மகிழ்தற்குரியது. தமிழில் பெரும்பாணாற்றுப்படையும், ஏணி எட்டாத உயரமுள்ள, பழைய தானியம் நிறைந்த நெற்கூடுகளைப் பேசுகிறது.

கூடத்தில் குதிர் என்றால், சமையற்கட்டில் அடுக்குப்பானையும் உறியும் அஞ்சறைப்பெட்டியும். அடுக்கின் கீழ்ப்பானையில் அரிதாய் வேண்டுவது. மேற்பானையில் அன்றாடம் வேண்டுவது. உறி, எறும்புக்கும் பூனைக்கும் எட்டாத ஆகாய அலமாரி. புளியை உப்போடு பிசைந்து பானையில் அடைத்தனர். உப்பு மரவையில் இருந்தது. பண்டங்களோடு இல்லத்தரசியின் சிறுசேமிப்பும் அங்கேயே தங்கியது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, கணவன்மார் பலர் தம் வீட்டுக் கடுகு டப்பாவின் செல்வநிலையை முதன்முறையாக அறிந்தனர்.

இவ்வளவும் கூறுவதால், பழங்காலத்தில் எல்லா வீட்டிலும் குதிர் நிறைந்திருந்தது என்று எவரும் கொள்ள வேண்டா. நிலமுடையார் வீட்டில் குதிர் நின்றது. கூலியாகப் படி நெல் பெற்றவர் வீட்டுக்கு ஒரு பானையே போதுமானதாய் இருந்தது. ஒரு குடும்பம் எத்தனை நாள் முன்னோக்கி அஞ்சாமல் பார்க்க முடிந்தது என்பதை அதன் கலம் காட்டியது. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் நிலமற்ற கூலிகள், மீனவர், கைவினைஞர் முதலாக உணவை விலைக்கு வாங்கி உண்டவர்கள் என்பதை அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கோலா உடைய குடும்பங்கள் பெரும்பாலும் பிழைத்தன. அவ்வாண்டிலேயே நாட்டின் பெருநகரங்களில் பங்கீட்டு அட்டை நுழைந்தது. சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை ராஜாஜி நீக்கியது 1952-இல்.

மாதச் சம்பளத்தை நம்பி ஊர்விட்டு வந்த நாமெல்லாம் உணவை விலைக்கு வாங்குவோரே. குதிரை இடம்பெயர்க்க முடியாது. அது வீட்டோடு கட்டப்பட்டது. மாற்றல் உத்தரவு வந்தவன் கையோடு எடுத்துச் செல்லக்கூடியது அஞ்சறைப்பெட்டி ஒன்றுதான். அறுவடையிலிருந்து அறுவடை வரை என்றிருந்த கணக்கு முதல் தேதியிலிருந்து முதல் தேதி வரை என்று சுருங்கிற்று. அரிசி ஆலை பெருகியதால் நெல்லும் உமியும் வீட்டை விட்டு விலகின. நாம் முகந்து அளந்தவர்கள்; எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வடபுலத்தாரோ நிறுத்தவர்கள், நாற்பது சேர் ஒரு மணங்கு. 1958 முதல் படிப்படியாகக் கிலோகிராம் வந்து இருவர் வழக்கையும் ஒன்றாக்கியது. நெடுநாள் தில்லியில் இருந்தும், இத்தனை படி அரிசி என்று மனத்துக்குள் மாற்றிக் கணக்கிட்ட மூதாட்டியர் பலர்.

குதிரின் இடத்துக்கு வந்தது தகரடப்பா. 1937-இல் விற்பனைக்கு வந்த டால்டாவின் மஞ்சள் டப்பா, நெய் தீர்ந்த பின் நாடெங்கும் பருப்பு டப்பாவாக மறுபிறவி எடுத்தது. பின்னர் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தன. எலிக்கும் ஈரத்துக்கும் இவை நல்ல காவல், மறுக்க முடியாது. ஆனால் இவற்றுக்கு வாய் மேலே மட்டும்தான். புதுப் பருப்பைப் பழையதன் தலையில் கொட்டுகிறோம்; மேலிருந்தே எடுக்கிறோம். அடியில் ஒரு பிடி பழையது ஆண்டுக்கணக்கில் தங்கி, வண்டுக்குத் தாய்வீடாகிறது. பருப்பு தரமில்லை என்று கடைக்காரரை நோகிறோம். டப்பாவைக் கவிழ்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, புதியதை முதலில் இட்டுப் பழையதை மேலே இடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். தில்லியின் மழைமாதங்களில் இதைச் செய்யாத வீட்டில் ரவையும் கடலைமாவும் தப்புவது அரிது.

அறிவியலும் சுற்றிச் சுற்றி மண் கலத்துக்கே வந்தது. தில்லிவாழ் தமிழர் பலரும் நன்கறிந்த பூசா வளாகத்தில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், 1934-இன் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் 1936-இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தது. சிற்றூர் வீடுகளுக்கென அது அமைத்துத் தந்த கொள்கலத்துக்குப் பூசா கோட்டி என்று பெயர். சுடாத செங்கல்லால் இரட்டைச் சுவர். இடையே பாலித்தீன் தாள். ஈரமும் காற்றும் புகாமையால், உள்ளே அகப்பட்ட பூச்சி இருக்கும் உயிர்வளியைத் தீர்த்துவிட்டு மடிகிறது. தானியத்தை மேலே இடுகிறார்கள். எடுப்பதற்கு அடியில் ஒரு குழாய். அதற்கு ஒரு மூடி.