பிள்ளைக்குத் தாய் யார்? சட்டம் கேட்கும் கேள்வி

கண்ணனுக்குத் தாய்மார் இருவர். பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. இன்றைய மருத்துவமோ ஒரு குழந்தைக்கு மூன்று தாய்மார்களைத் தருகிறது. கருமுட்டை தந்தவள் ஒருத்தி, வயிற்றில் சுமந்தவள் ஒருத்தி, பிள்ளை வேண்டுமென்று ஏற்பாடு செய்தவள் ஒருத்தி. மூவர் இருந்தும் ஒருவரும் இல்லாமற்போன குழந்தையும் உண்டு.

2008 ஜூலை 25ஆம் தேதி குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத் தாய் ஒருவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். ஏற்பாடு செய்த ஜப்பானியத் தம்பதியர் அதற்கு முன்பே மணமுறிவு பெற்றுவிட்டனர். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. மற்ற இருவரும் உரிமை கோரவில்லை. தகப்பன் அழைத்துச் செல்ல முன்வந்தும் கடப்பிதழ் கிடைக்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பாட்டிதான் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். 'பேபி மஞ்சி வழக்கு' என்ற பெயரில் விவகாரம் இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்றது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நவம்பரில் ஓர் அடையாளச் சான்றிதழோடு குழந்தை ஜப்பான் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு, அதே ஊரில் ஒரு ஜெர்மானியருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஜெர்மனி வாடகைத் தாய் முறையை ஏற்பதில்லை. சுமந்தவர் இந்தியர் என்பதால் பிள்ளைகளும் இந்தியக் குடிமக்களே என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. இந்திய அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. பிள்ளைகள் நாட்டை விட்டுப் புறப்பட 2010 ஆகிவிட்டது. 2015இல் இந்தியா வெளிநாட்டாருக்கு இவ்வழியை அடைத்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிக ரீதியான வாடகைத் தாய் முறையையே தடை செய்தது.

இதற்கும் கோலசிலாங்கூர் தோட்டப்புறத்திற்கும் என்ன சம்பந்தம்? வாடகைத் தாய் விவகாரம் நம் தோட்டங்களில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அங்கே எழுந்த அதே கேள்வி இங்கேயும் எழுகிறது.

மலேசியாவில் திருமணப் பதிவு இல்லாமல் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியே பார்க்கப்படுகிறது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர். பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்தே இருவரும் மணந்துகொண்டனர். அந்தப் பிள்ளையின் குடியுரிமைக் கோரிக்கையை 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது.

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்பதே அதன் நிலை. பதிவு இல்லாத குடும்பத்தில் தாய் வெளிநாட்டவராகவோ பத்திரம் இல்லாதவராகவோ இருந்தால், தகப்பனின் நீல அடையாளக் கார்டு பிள்ளைக்குக் கைகொடுப்பதில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று பழகிய பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் குடும்பங்கள் இடம் மாறின. இப்படி இடம் மாறும்போது பத்திரங்களும் தொலைகின்றன. பேச்சளவில் தத்தெடுத்த பிள்ளைகளின் நிலையும் இதுவே. ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்ய அரசாங்கம் 2011இல் 'மைடஃப்தார்' இயக்கம் நடத்த வேண்டி வந்ததே, பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

ஒப்பந்தம் போட்டவர்களும் பெரியவர்கள், பதிவை மறந்தவர்களும் பெரியவர்கள். பள்ளிக்கூட வாசலிலும் பதிவிலாகா முகப்பிலும் பதில் சொல்ல நிற்பது மட்டும் பிள்ளை. தாலி கட்டும் நாளிலேயே பதிவையும் முடிப்பது, தத்தெடுத்தால் சட்டப்படி எடுப்பது ஆகிய இரண்டும் பெற்றோர் கையில்தான் இருக்கின்றன.