வாசலில் நிற்பவர் யார்?



திருத்தூதர் பணிகள் நூலின் 14-ஆம் அதிகாரத்தில் ஒரு விந்தையான காட்சியைக் காண்கிறோம். லிஸ்திரா நகரில், பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவர் எழுந்து நடக்கிறார். உடனே மக்கள் பர்னபாவைச் சேயுசு என்றும், பேச்சில் முன்நின்ற பவுலை எர்மசு என்றும் கூவி அழைக்கிறார்கள். சேயுசு கோவில் அர்ச்சகர் காளைகளோடும் பூமாலைகளோடும் வந்து நிற்கிறார். இதை வாசிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள்?

லிஸ்திராவை அடுத்த பிரிகியா நாட்டைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. உரோமைக் கவிஞர் ஓவிட் அதை எழுதி வைத்திருக்கிறார். சேயுசும் எர்மசும் மனித உருவில் வந்து வீடு வீடாகத் தங்க இடம் கேட்டார்கள். எல்லாக் கதவுகளும் அடைபட்டன. பிலமோன், பௌகிஸ் என்ற ஏழை முதிய தம்பதியர் மட்டும் தங்கள் குடிசையைத் திறந்து, இருந்ததைப் பரிமாறினார்கள். வெள்ளம் ஊரை அழித்தது, குடிசை கோவிலானது. அந்தத் தவறு மீண்டும் நேரக்கூடாது என்றே லிஸ்திரா மக்கள் அஞ்சியிருக்கலாம் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இத்தகைய கதைகள் எப்போது தோன்றின? கிரேக்க நாட்டின் பைலோஸ், கிரீட் தீவின் நோசஸ் ஆகிய இடங்களில் மண்ணுக்குள் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தார். 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காணிக்கைக் கணக்குகளிலேயே சேயுசு, ஏரா, பொசைடன் ஆகிய பெயர்கள் உள்ளன. பின்னர் பாணர்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கதைகளுக்கு, கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தில் ஓமரும் எசியோதும் வடிவம் தந்தார்கள். கிரேக்கருக்கு ஒரே திருநூல் இல்லை. விசுவாச அறிக்கையும் இல்லை. ஆகவே ஊருக்கு ஊர் கதை மாறியது.

அவை வெறும் பொழுதுபோக்கு அல்ல. மகளைப் பாதாளத் தலைவனிடம் பறிகொடுத்த தெமேத்தர் அழுததால் நிலம் விளையவில்லை; மகள் ஆண்டின் ஒரு பகுதி திரும்பி வந்தபோது பயிர் தழைத்தது. உழவருக்கு அது பருவங்களின் விளக்கம். பிள்ளையை இழந்த தாய்க்கு அது ஆறுதல். அவ்வாறே, சத்திரங்கள் அரிதாயிருந்த காலத்தில் வழிப்போக்கரின் உயிர் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அந்நியரின் காவலர் சேயுசு என்ற நம்பிக்கை கதவுகளைத் திறக்கச் செய்தது.

குறைகளைக் கண்டவர்களும் கிரேக்கரே. தேவர்கள்மீது திருட்டையும் விபசாரத்தையும் கவிஞர்கள் சுமத்துகிறார்கள் என்று கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே செனோபனஸ் கண்டித்தார். புனித பவுலும் லிஸ்திராவில் தமக்குச் செலுத்தவிருந்த பலியை ஏற்கவில்லை. மேலாடையைக் கிழித்துக்கொண்டு, தாமும் மனிதரே என்று கதறினார். ஆனால் ஏதென்சு நகரில், சேயுசைப் போற்றும் அராத்துஸ் என்ற கவிஞரின் சொல்லையே எடுத்தாண்டு உயிருள்ள கடவுளை அறிவித்தார். பிறருடைய தேடலை அவர் ஏளனம் செய்யவில்லை.

லிஸ்திராவில் பிறகு நடந்ததையும் நாம் மறக்கக்கூடாது. வெளியூரிலிருந்து வந்தவர்களின் தூண்டுதலால், அதே கூட்டம் பவுலைக் கல்லால் எறிந்து, இறந்துவிட்டார் என்று எண்ணி நகருக்கு வெளியே இழுத்துப் போட்டது. தேவன் என்றால் மாலை. மனிதன் என்றால் கல்!

நம் நிலை என்ன? பெரிய மனிதர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறோம். பெயர் தெரியாதவர் தண்ணீர் கேட்டால் சன்னல் வழியாகவே அனுப்பிவிடுகிறோம். வருகிறவர் தேவனாக இருக்கலாம், ஆகவே கதவைத் திற என்றது பழங்கதை. வருகிறவர் வெறும் மனிதர்தான், ஆயினும் திற. அவரில் என்னைக் காண்பாய் என்கிறார் நம் ஆண்டவர். அடுத்த முறை கதவு தட்டப்படும்போது இதை நினைவில் கொள்வோம்.