இரு மறைநூல்களின் ஏட்டு வரலாறு

நாஞ்சில் நாட்டின் மேல்பாலுள்ள கல்குளம் வட்டத்திலே, பத்மநாபபுரத்தை அடுத்து விளங்குவது மணலிக்கரை என்னும் ஊர். அவ்வூர் மடத்தில், கி. பி. 1909-ஆம் ஆண்டு, மலையாள எழுத்தால் வரையப்பெற்ற பனையோலைச் சுவடி ஒன்று த. கணபதி சாஸ்திரியார் கைக்கு எட்டியது. சாஸ்திரியார் திருநெல்வேலியைச் சார்ந்த தருவையிற் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசினர் வடமொழிச் சுவடி வெளியீட்டுத் துறையின் தலைவராய் இருந்தவர். 105 ஏடுகள் கொண்ட அச்சுவடியில், பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த ‘சொப்பன வாசவதத்தம்’ முதலிய நாடகங்கள் இருந்தன. அவை பாசகவி இயற்றியன எனக் கொண்டு, 1912 முதல் அவர் அச்சிடலாயினர். இச்செய்தி யாவரும் அறிந்ததே. அதே சாஸ்திரியார் அதே வரிசையில் 66-ஆம் எண்ணாக 1919-இல் வெளியிட்ட ‘மகார்த்த மஞ்சரி’யைப் பற்றிச் சைவர் சிலரே அறிவர். அதுவோ தில்லைப் பதியிற் பிறந்த நூல்.

மகார்த்த மஞ்சரியின் ஆசிரியர் மகேசுவராநந்தர்; கோரக்கர் என்பது அவர்தம் மற்றொரு பெயர். சோழநாட்டினர், மகாப்பிரகாசர் என்பாரின் மாணாக்கர். கி. பி. 1300-ஐ ஒட்டிச் சிதம்பரத்தில் வாழ்ந்தவர் என ஆராய்ச்சியாளர் துணிவர். நூல் எழுபது செய்யுளால் ஆயது. மகாராட்டிரப் பிராகிருத மொழியில் அமைந்தது. அதற்குப் ‘பரிமளம்’ என்னும் வடமொழி உரையையும் ஆசிரியரே எழுதினார். தமிழ்நாட்டார் ஒருவர் பிராகிருதத்திற் பாடியது ஏன் எனின், தாம் வழிபாட்டில் இருந்த இரவில் யோகினி ஒருத்தி தோன்றி, அம்மொழியிற் பேசி, ஏழு என்னும் எண்ணைக் கைக்குறியாற் காட்டி மறைந்தனள் என்று அவரே கூறுகின்றார். கொள்கையால் இது காஷ்மீரத்துக் கிரம நெறியைச் சார்ந்த அத்துவிதம். சித்தாந்த சைவர்க்கு உடன்பாடன்று. ஆயினும், உமாபதி சிவம் 1313-இல் சங்கற்ப நிராகரணம் அருளிய அதே பதியில், அதே தலைமுறையில், இத்தகைய நூலும் பிறந்தது என்பது சைவ வரலாறு ஆய்வார் கருதற்பாலது.

இதன் ஏட்டு வரலாற்றை உணர்தற்கு, ஏறக்குறைய அதே காலத்தில் மேல்நாட்டில் வெளிப்பட்ட யூதரின் மறைநூல் ஒன்றன் கதை பெரிதும் துணைசெய்யும். அதன் பெயர் ‘சோகார்’. ஒளி என்பது பொருள். (மகாப்பிரகாசர் என்னும் பெயரும் ஈண்டு நினைவுக்கு வரும்.) பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்பெயின் தேசத்துக் காஸ்டீல் நாட்டில், மோசே தெ லெயோன் என்பார் அந்நூற் பகுதிகளைச் சிறுசிறு படிகளாகப் பிறர்க்கு வழங்கலாயினர். மொழி அரமேயம், அக்காலத்து யூதர் வீட்டிற் பேசாத பழைய மொழி. ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த சிமியோன் பார் யோகாய் என்னும் முனிவர் வாக்கு இது என்றும், தாம் பழஞ்சுவடியைப் பார்த்து எழுதுவதாகவும் அவர் சொல்லி வந்தனர்.

அப்பழஞ்சுவடியைத் தம் கண்ணாற் காண விழைந்தவர் ஆக்கர் நகரத்து ஈசாக்கு. 1291-இல் அந்நகரம் பகைவர் கைப்பட, உயிர் தப்பியவர். 1305-இல் ஸ்பெயினுக்கு வந்து மோசேயைச் சந்தித்தனர். “அவிலா நகரில் என் இல்லத்தில் மூல ஏடு உளது, வருக” என்று மோசே ஆணையிட்டுரைத்தார். ஆனால் வீடு சேருமுன் வழியிலேயே அவர் இறந்துபட்டார். அவிலாவில் ஈசாக்கு கேட்ட செய்தி வியப்புடையது. அவ்வூர்ச் செல்வர் ஒருவர், மூல ஏட்டைத் தந்தால் தம் மகனுக்கு மோசேயின் மகளை மணம் முடிப்பதாக அறிவித்தனராம். வறுமையுற்ற கைம்பெண்ணும் மகளும் தனித்தனியே வினவப்பட்டும் ஒரே விடை பகர்ந்தனர்: அப்படி ஓர் ஏடு இல்லை, அவர் தம் உள்ளத்தினின்றே எழுதினார், ‘என் நூல் என்றால் யார் ஒரு காசு கொடுப்பர்?’ என்றும் சொன்னார். பொய் சொன்னால் வாழ்வு கிடைக்கும் நிலையில் இருவரும் மெய்யுரைத்தனர் என்று கருத இடமுண்டு. ஈசாக்கு வேறு சிலரிடமும் உசாவினார். மாறான சொற்களும் கேட்டார். அவ்வளவில் அக்குறிப்பு முறிந்து போகின்றது. அவர்தம் நாட்குறிப்பு அழிந்தொழிய, ஸக்கூத்தோ என்னும் பிற்கால ஆசிரியர் தம் வரலாற்று நூலிற் பெயர்த்தெழுதிய பகுதியே இன்று எஞ்சியுளது.

சோகார் முழுநூலாக ஓரிடத்தும் இருந்ததில்லை. பகுதி பகுதியாகவே படியெடுக்கப்பட்டுத் திரிந்தது. 1553-இல் உரோமையில் யூதரின் தால்முத்து நூல்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் சோகாரை அச்சேற்ற இத்தாலியில் முயற்சி எழுந்தது. மறைபொருளைச் சந்தையில் இடுவதோ என்று யூத ஆசாரியருள்ளேயே எதிர்ப்பு மிக்கது. அதனையும் கடந்து, மாந்துவாவில் 1558 முதல் 1560 வரை மூன்று பகுதியாகவும், கிரெமோனாவில் 1559-60-இல் ஒரே பெரும் புத்தகமாகவும், இரண்டு பதிப்புக்கள் வேறுவேறு சுவடிகளினின்று ஏககாலத்தில் வெளிவந்தன. நம் அண்டையிலுள்ள கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தம் தொழுகைக் கோயிலைக் கட்டியது 1568-இல் என்பதை நோக்கின், அக்காலம் அத்துணைத் தொலைவினதன்று.

மகார்த்த மஞ்சரிக்கும் இரட்டைப் பதிப்பே வாய்த்தது. 1918-இல் காஷ்மீர அரசினர் ஆராய்ச்சித் துறையார் தம் வரிசையில் 11-ஆம் எண்ணாக முகுந்தராம சாஸ்திரியாரைக் கொண்டு அதனை வெளியிட்டனர். மறு ஆண்டிற் கணபதி சாஸ்திரியார் பதிப்பு வந்தது. வடகோடியும் தென்கோடியும் அதனைப் போற்றி வைத்திருக்க, பிறந்த தில்லையில் அதன் நினைவு மங்கியது. காரணம் காண்பது அரிதன்று. பனையோலை சில நூறாண்டிற் பழுதுறும். படியெடுப்பார் இன்றேல் நூல் மாயும். குருமுகமாகவே வழங்கும் இரகசிய நூலுக்கோ படியெடுப்பார் மாணாக்கரே. மாணாக்கர் மரபு அற்ற இடத்தில் ஏடு செல்லுக்கும் ஆற்றுப் பெருக்குக்கும் இரையாம். மூவர் கையடையாளமிட்டுப் பூட்டிய தில்லை அறையிலே தேவார ஏடுகளைப் புற்று மூடியது எனத் திருமுறைகண்ட புராணம் கூறுவதை அன்பர்கள் அறிவர். காத்தற்கெனப் பூட்டியதே ஆண்டுக் கேடாயிற்று.

ஒன்றில் மட்டும் இரு நூலும் முற்றும் வேறுபடுகின்றன. மோசே தம் பெயரை மறைத்துப் பழைய முனிவர் பெயரைப் புனைந்தார்; அதனால் மூல ஏடு எங்கே என்னும் வினா எழுந்து இன்றளவும் ஓயவில்லை. 1941-இல் ஷோலம் என்னும் பேரறிஞர் நூலின் பெரும்பகுதி மோசேயுடையதே என நிறுவ, பின்வந்தோர் அதனை ஒரு குழுவினரின் ஆக்கம் என்பாராயினர். மகேசுவராநந்தரோ தம் பெயரையும் குருவின் பெயரையும் யோகினி வந்த வகையையும் உரையிலேயே பொறித்து வைத்தமையின், மூலச்சுவடி கிடையாதொழிந்தும் ஆசிரியரைப் பற்றிய ஐயம் எழவில்லை. 1968-இல் ஸில்பர்ன் அம்மையார் அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தனர். 1972-இல் விரஜவல்லப துவிவேதியார் காசியிற் பதிப்பித்தனர்.