வல்லம் வடகால்: 18,720 படுக்கைகள் வந்த கதை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் இராமானுஜர் பிறந்த ஊர். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். இப்போது காரும் செல்போனும் தயாராகும் ஊர்!

இந்த மாற்றத்தில் அரசும் தனியாரும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் மிக எளிது. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிலத்தை எடுத்து, சாலை, தண்ணீர் வசதிகள் செய்து கொடுத்தது. கம்பெனிகள் ஆலை கட்டின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது.

எல்லாம் சரி, ஷிப்ட் முடிந்தவர்கள் எங்கே போய்த் தூங்குவார்கள்? இது யார் கணக்கிலும் வரவில்லை. வெளியூர்களில் இருந்து வேலைக்கு வந்த இளம்பெண்களை வாடகைக் கட்டடங்களில் தங்கவைத்து, பஸ்ஸில் ஆலைக்கு அழைத்துப்போனார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

2021 டிசம்பரில் அது வெடித்தது. பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களில் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுங்குவார்சத்திரம் ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஐபோன் நின்றால்தான் படுக்கை ஞாபகம் வரும் போலிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 17 அன்று ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். இடம் 20 ஏக்கர், செலவு 706.50 கோடி ரூபாய், அதாவது ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம். கட்டியது சிப்காட். பெரும்பகுதி பணம் ஸ்டேட் வங்கிக் கடன். மத்திய அரசின் மானியம் 37.44 கோடி, படுக்கைக்கு 20,000 ரூபாய். தங்குபவர்கள் ஃபாக்ஸ்கான் பெண்கள்.

அரசு, வங்கி, கம்பெனி எல்லாம் வந்தாயிற்று. இந்தப் பட்டியலில் தொண்டு அமைப்புகள் மட்டும் இல்லை. அவை இருந்தால் என்ன வித்தியாசம்? மும்பையைப் பார்க்கலாம். 1984-ல் உருவான ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையில் இயங்கிய குடிசைவாசிகள் கூட்டமைப்பும் கைகோத்தன. 2000-ஐ ஒட்டி, ரயில் பாதையோரக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் புது இடங்களுக்கு மாற்றியபோது, வீடுவீடாகக் கணக்கெடுத்ததும் குழுக்களாகப் பிரித்ததும் இவர்கள்தான். குடியிருப்பவர்களே தங்களை எண்ணிக்கொண்டதால் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் கேட்க ஆள் இருந்தது.

வல்லம் வடகாலில் ஒரு நல்ல அம்சம் உண்டு. கட்டடம் சிப்காட்டுடையது. நாளை ஒரு கம்பெனி நோக்கியா மாதிரி கிளம்பிப் போனாலும் படுக்கைகள் இங்கேயே இருக்கும். ஆனால் அதில் தூங்கும் பெண்ணுக்கு இடம் கிடைப்பது வேலையால்தான். குழம்பு சரியில்லை என்று சொல்ல அவளுக்கு 2021-ல் கிடைத்த ஒரே இடம் நெடுஞ்சாலை.