ஒரு ஸ்டேஷன் தள்ளி

சென்னையிலிருந்து கூடூர் பாதையில் போகும் மின்ரயிலில் பொன்னேரிக்கு அடுத்த நிறுத்தம் கவரைப்பேட்டை. அதற்கும் அடுத்தது கும்மிடிப்பூண்டி. பொன்னேரியின் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி 1965இல் பிறந்தது. கவரைப்பேட்டையின் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995இல் வந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் கல்லூரி நூலகங்களின் கதையைச் சொல்ல இந்த இரண்டு ஊர்கள் போதும்.

அறுபதுகளில் கல்லூரி நூலகம் என்றால் அலமாரி, அக்சஷன் ரிஜிஸ்டர், கேட்லாக் கார்டு அடுக்கிய சிறு இழுப்பறைகள். இந்த ஒழுங்குக்கு இலக்கணம் எழுதியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அன்றைக்கு அதன் பொருள், கார்டைப் பார்த்துவிட்டு நேராக அந்த அலமாரிக்குப் போவது.

எண்பதுகளின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. ஆவடி, கவரைப்பேட்டை என்று இந்த மாவட்டத்திலும் அவை முளைத்தன. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதிக்குப் புத்தகக் கணக்கு முக்கியம்: எத்தனை தலைப்பு, எத்தனை பிரதி. ஒரே பாடநூலின் பல பிரதிகளும் கணக்கில் சேரும் என்பதால், நிறைந்த அலமாரி நிறைந்த அறிவுக்குச் சாட்சியாகிவிடாது. பிறகு அதே விதிமுறைகளில் மின்னிதழ்களும் ஏறின. பேக் வால்யூம்களைப் பைண்டு செய்து அடுக்கிய இடத்துக்குக் கணினிகள் வந்தன.

அரசு, உதவிபெறும் கல்லூரிகளுக்கு வழி வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்லிப்நெட் மையம் பங்கேற்ற என்-லிஸ்ட் திட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. சிறு ஆண்டுக் கட்டணத்தில் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் பொறியியல், மருத்துவம், மேலாண்மைக் கல்லூரிகளுக்கு அதில் இடமில்லை. அவை தங்கள் பணத்தில் சந்தா கட்டின. அந்தச் சந்தாக்களில் பல, வளாகத்தின் இணைய முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே திறக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதிகள் காலியானபோது இந்த நிபந்தனையின் கனம் புரிந்தது. வெளியிலிருந்து நுழையும் ஏற்பாட்டைப் பல நூலகங்கள் அதன்பிறகுதான் அவசரமாகச் செய்தன.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இன்னும் பெரியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். இதன் முதல் கட்டம் அரசு நடத்தும் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும். ஆகவே பொன்னேரி மாணவருக்குக் கதவு திறக்கும். ஒரு ஸ்டேஷன் தள்ளி, கவரைப்பேட்டையில் பொறியியல் படிப்பவருக்கு அவருடைய கல்லூரி தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. இன்னொரு ஸ்டேஷன் தள்ளி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலோகத்தோடும் ரசாயனத்தோடும் வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கு எந்தப் பயனர் பெயரும் இல்லை. காகித இதழ் மேசையில் கிடந்த காலத்தில், நூலகர் தலையசைத்தால் வெளியாள் ஒருவரும் உட்கார்ந்து படித்துவிடலாம். சர்வரிடம் அப்படிக் கேட்க முடியாது.

பின்னொரு கட்டத்தில் பொது நூலகங்கள் வழியாக எல்லாக் குடிமக்களுக்கும் இந்த இதழ்களைத் தருவதாகத் திட்டம் சொல்கிறது. அது நடந்தால், ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்கீழ், சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியில் நடக்கும் கிளை நூலகத்துக்கு அந்த டெக்னீஷியன் ஷிப்ட் முடிந்து போகலாம்.