தந்தி போனது, சட்டம் நின்றது

எனக்கு முந்திய தலைமுறைக் கதாசிரியர்களுக்குத் தந்தி ஒரு பெரிய வரப்பிரசாதம். கதை நடுவழியில் தேங்கி நின்றால் போதும், தந்திச் சேவகன் சைக்கிளில் வந்து மணியடித்துவிடுவான். உடனே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். உறையைப் பிரித்துப் படிப்பதெல்லாம் அதற்குப் பிற்பாடுதான். மாப்பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த சமாசாரமாக இருந்தாலும், பாட்டி முதலில் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடுவாள்.

அந்தத் தந்தி 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நம் நாட்டில் நின்று போயிற்று. ஆனால் தந்திக்காக எழுதிய சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. கொங்கு நாட்டில் ஒரு தோட்டத்தின் தலைக்கு மேலே உயர்மின் கம்பி போகிறதென்றால், அதற்கு வழிவிட்டது பெரும்பாலும் அந்தச் சட்டம்தான்.

கதை கல்கத்தாவில் ஆரம்பமாகிறது. ஓஷாக்னஸி என்ற வெள்ளைக்கார டாக்டர் 1850-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி போட்டுப் பரீட்சை பார்த்தார். ஏழு வருஷம் கழித்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அந்தக் கம்பியின் அருமை கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகவே விளங்கிற்று. பிறகு 1885-இல் இந்தியத் தந்திச் சட்டம் பிறந்தது. அதன் பத்தாவது பிரிவு சொல்வதைப் பாமரத் தமிழில் சொன்னால் இப்படி: "நிலம் உன்னுடையதுதான், பட்டாவும் உன் பெயரிலேயே இருக்கட்டும். எனக்கு உபயோகிக்கும் உரிமை மட்டும் போதும். கம்பத்தை நட்டுக் கம்பியை இழுத்துக்கொள்கிறேன். கூடியவரை சேதம் செய்யமாட்டேன். சேதமானால் நஷ்ட ஈடு தருகிறேன்." யாராவது தடுத்தால் ஜில்லா மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். நஷ்ட ஈட்டில் தகராறு என்றால் ஜில்லா ஜட்ஜிடம் போகலாம். உடையவனுடைய சம்மதம் வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை.

அந்தக் காலத்துக்கு இது பெரிய அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. தந்திக் கம்பத்துக்கு ஒரு சின்னக் குழி போதும். கம்பிக்குக் கீழே ஏர் ஓட்டலாம், களத்தில் நெல் காயவைக்கலாம். கம்பியில் குருவி வந்து உட்காரும், அவ்வளவுதான்.

1910-இல் மின்சாரச் சட்டம் எழுதியவர்கள், 'கம்பி என்றால் கம்பிதானே!' என்று நினைத்தார்கள் போலும். தந்தி இலாகாவின் அதிகாரத்தை மின்சாரக் கம்பி போடுகிறவர்களுக்கும் சர்க்கார் கொடுக்கலாம் என்று ஐம்பத்தோராவது பிரிவில் எழுதிவைத்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் மலையிறங்கிக் கோயமுத்தூருக்கு வந்தது. ஆலைகள் ஓடின, நாளடைவில் கமலை கட்டி இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறிற்று. விவசாயிக்கும் மின்சாரம் வேண்டும். அதை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசக்கூடாது.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 2003-இல் வந்த புது மின்சாரச் சட்டமும் அந்த அதிகாரத்தை 164-ஆவது பிரிவில் அப்படியே வைத்துக்கொண்டது. 2006-இல் வந்த விதிகள் வேறொரு வாசலையும் திறந்தன. நில உடையவரின் முன் சம்மதத்தைப் பெறவேண்டும். அவர் ஆட்சேபித்தால் கலெக்டரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்றன. ஆனால் 164-இன் கீழ் உத்தரவு வாங்கி வருகிறவர்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆக, வீட்டுக்கு வாசல் இரண்டு. ஒன்றில் தட்டிக் கேட்டுவிட்டு நுழையவேண்டும். இன்னொன்றில் கேட்க வேண்டியதே இல்லை.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு ஒரு கம்பி வந்தது. எட்டு லட்சம் வோல்ட். சுமார் 1,765 கிலோமீட்டர் நீளம். இத்தகைய கம்பிக்கு ஒதுக்கும் பாதையின் அகலம் 69 மீட்டர். அறுபது மீட்டர் தூரம் போவதற்குள் ஒரு ஏக்கர் அதன் நிழலில் அடங்கிவிடும்! அங்கே கடலை போடலாம், மிளகாய் போடலாம். தென்னை வைக்கமுடியாது, மகனுக்கு ஒரு வீடு கட்டமுடியாது. பட்டா என்னவோ பத்திரமாகப் பெட்டியில்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் பல ஊர்களில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலை ஓரமாக மண்ணுக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள். செலவு அதிகம் என்பது மெய். ஆனால் ஆகாத காரியம் அல்ல. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் கம்பி, கேரளத்துக்குள் ஒரு பகுதி மண்ணுக்கடியில்தான் போகிறது.

கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பியின் கீழுள்ள பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று 2015-இல் மத்திய சர்க்கார் ஒரு கணக்கு வகுத்தது. 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தியது. சட்டம் பிறந்து நூற்று முப்பது வருஷமான பிறகாவது, கம்பியின் நிழலுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டார்களே! 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் மின்கம்பி போடும் காரியத்துக்கு மட்டும் அதன் மூன்றாம் பாகம் தொடர்ந்து செல்லும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டது.

இப்போது பாட்டரிக் காலம். அதே சத்தீஸ்கரில் ராஜ்நந்த்காவ் என்ற ஊரில், பகல் வெயிலைப் பிடித்து இரவுக்கு வைத்திருக்கும் பெரிய பாட்டரி நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. 40 மெகாவாட் வீதம் மூன்று மணி நேரம் மின்சாரம் தரக்கூடியது. இத்தகைய நிலையங்கள் இன்னும் பல வரும், வரவேண்டும். பாட்டரியை வைக்கும் சில ஏக்கரை விலை பேசி, பத்திரம் பதிந்து வாங்கிவிடலாம். ஆனால் அங்கிருந்து துணை மின் நிலையத்துக்குப் போகும் கம்பி, வாங்காத நிலங்களின் மேல்தானே போகவேண்டும்? எந்த வாசல் வழியாகப் போகப்போகிறது என்பதுதான் கேள்வி.

கேட்டுவிட்டுப் போகிற வாசல் வழியாகப் போகட்டும் என்பது என் அபிப்பிராயம். நாள் கொஞ்சம் கூடுதலாகும், பணமும் கூடுதலாகும். ஆகட்டுமே! அந்தக் காலத்துத் தந்திச் சேவகன்கூட, எத்தனை அவசரமானாலும் வாசலில் நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தந்தியைக் கொடுத்தான்.